தெரியாததை நடத்துங்க டீச்சர்

1. காலையில் வந்த போன்

ரிட்டயர் ஆன ஆசிரியர் பயிற்றுநருக்குக் காலையில் போன் வந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். யாராவது தவறியிருப்பார்கள், இல்லையென்றால் யாருக்காவது பழைய பயிற்சி ஒன்றின் போட்டோ வேண்டியிருக்கும். அன்று இரண்டும் இல்லை. பேசியது மணிமேகலை டீச்சர். உடையார்பாளையத்துக்கும் வரதராஜன்பேட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறவர்.

“சார், நியூஸ் பாத்தீங்களா? நாங்களும் டெட்டு எழுதணுமாம்.”

டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் அதை எழுதுவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால், எழுதித் தேறியாக வேண்டும், தேறாவிட்டால் வேலை இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். தலை நரைத்த வாத்தியார்கள் எல்லாம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்த காலம் அது.

“பதறாதீங்க டீச்சர். ரெண்டு வருசம் டைம் குடுத்திருக்காங்க.”

“ரெண்டு வருசம் குடுத்தா மட்டும் எனக்குப் பின்னம் வந்துடுமா சார்?”

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் விட்டு அவர் நகர்ந்ததில்லை. ஜூன் மாதம் அழுதுகொண்டே வருகிற பிள்ளையை ஆயுத பூஜைக்குள் எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்துவிடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே நான் புது ஆசிரியர்களை அந்தப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் இரண்டிலக்கக் கூட்டல் கழித்தலைத் தாண்டிக் கணக்கு என்ற பக்கமே அவர் போனதில்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கெல்லாம் தலைமை ஆசிரியர் பாடு. தேர்வில் கணக்குக்கு மட்டும் முப்பது கேள்வி.

வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான். கணவர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். மூத்த பெண் பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி கிடையாது. அது எனக்கும் தெரியும்.

“அதக்கூட விடுங்க சார். நேத்து ரேஷன் கடையில நிக்கிறேன். எங்கிட்ட படிக்கிற ஒரு பையனோட அம்மா, ‘என்ன டீச்சர், எங்க பையனோட சேந்து நீங்களும் பரீட்சை எழுதப் போறீங்களாமே’ன்னு சிரிக்குது. அந்த அம்மாவுக்கே அ, ஆ சொல்லிக் குடுத்தது நான்தான் சார்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு விசும்புகிற சத்தம் கேட்டது. “வர்ற சனிக்கிழமை ஒரு ஏற்பாடு பண்றேன்” என்று சொல்லி வைத்தேன். அப்போது என்னிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

2. முந்திரிக் கொட்டகை

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெரம்பலூர்ப் பக்கம் வாத்தியாராகச் சேர்ந்து, பிறகு வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவனாக மாறி, ஜெயங்கொண்டத்தில் ஓய்வு பெற்றேன். டீ, பிஸ்கட், வருகைப் பதிவில் கையெழுத்து, குழுப் படம், இந்த நான்கும் சரியாக இருந்தால் பயிற்சி வெற்றி என்று ரிப்போர்ட் போய்விடும். நடுவில் யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்பது கொஞ்சம் மரியாதைக் குறைவான கேள்வி. அதைக் கேட்டு நான் நிறையப் பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரி ஒருவரிடம் கொட்டை உடைக்கிற கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. சனி, ஞாயிறுக்குக் கேட்டதும் கொடுத்துவிட்டார். “வாத்தியாருங்களே படிக்கிறாங்கன்னா, நான் என்னத்தச் சொல்ல” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பழைய கரும்பலகை ஒன்றைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்தோம். முந்திரித் தோல் வறுத்த வாடை மட்டும் கடைசி வரைக்கும் போகவில்லை.

எனக்குத் தெரிந்த பழைய ஆட்கள் ஒரு பதினைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் வயது. அவர்களில் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியசாமி சார், ஏலாக்குறிச்சிக்காரர். கணக்கில் புலி. ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வேறு. குரல் மட்டும் மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவர் பள்ளியில் பிள்ளைகள் அவரைப் பார்த்து நடுங்குவார்கள். அவர் யார் மீதும் கை வைத்ததில்லை, அந்தக் குரல் ஒன்றே போதும்.

முதல் வேலையாக மாதிரித் தேர்வு வைத்தேன். நூற்றைம்பது கேள்வி, மூன்று மணி நேரம், விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இவர்கள் ஆயுளில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பரீட்சை வைத்தவர்கள்! எழுதுகிற பக்கம் உட்கார்ந்து வெகு காலம் ஆகிவிட்டதை நான் யோசிக்கவே இல்லை.

பாதிப் பேர் வட்டத்தைக் கறுப்பாக்காமல் சிவப்புப் பேனாவால் டிக் அடித்திருந்தார்கள். ஒரு டீச்சர் அரை மணி நேரம் கழித்து எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். “டீச்சர், நீங்க எழுதுறீங்க” என்றேன். “ஐயோ, பழக்கதோஷம் சார்” என்று ஓடிப்போய் உட்கார்ந்தார். ஆரோக்கியசாமி சார் ஒரு கேள்விக்கு எதிரே, ‘வினா பிழை. அனைவருக்கும் ஒரு மதிப்பெண் வழங்கலாம்’ என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

மணிமேகலை டீச்சர் தாளில் குழந்தை மனவியல் பகுதியில் ஒரு கேள்வி. ‘வகுப்பில் ஒரு குழந்தை தொடர்ந்து அழுகிறது. ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?’ நான்கு விடை கொடுத்திருந்தேன். அவர் நான்கையும் விட்டுவிட்டு ஓரத்தில், ‘மூக்கைத் துடைத்துவிட வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

“டீச்சர், இது ஆப்ஷன்லயே இல்லையே.”

“அத மொதல்ல பண்ணாம மீதி நாலும் வேலைக்கு ஆவாது சார். நீங்க வேணா ஒண்ணாப்புல வந்து பாருங்க.”

அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் மார்க் இல்லை. கணக்கில் அவர் எடுத்ததை அவர் மானம் கருதி இங்கே சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து ஹேண்ட்பேக்குக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அந்த நேரத்தில் அந்த ஊருக்குப் பஸ்ஸே கிடையாது.

3. எல்லோரும் நடத்தினார்கள்

வாத்தியார்களை ஓர் இடத்தில் சேர்த்தால் முதலில் டைம் டேபிள் போடுவார்கள். நாங்களும் போட்டோம். யாருக்கு எது நன்றாக வருமோ அதை அவர் மற்றவர்களுக்கு நடத்துவது என்று முடிவானது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆரோக்கியசாமி சார் கணக்கு நடத்தினார். அருமையான வகுப்பு. சாக்பீஸ் தூள் பறந்தது. அவர் பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது நான் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒருவர் வகுப்பு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒருவர் போனில் பள்ளி விவரம் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பொங்கல் போனஸ் பற்றிப் பேசினார்கள். ஆரோக்கியசாமி சார் திரும்பி, “புரிஞ்சுதா?” என்று கர்ஜித்ததும் எல்லோரும் ஒரே குரலில், “புரிஞ்சுது சார்” என்றார்கள். அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் எந்த ராகத்தில் சொல்லுமோ அதே ராகம்.

அடுத்த வாரம் மணிமேகலை டீச்சர் தமிழ் நடத்தினார். அதே கதை. இந்த முறை நோட்டுத் திருத்தியது ஆரோக்கியசாமி சார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஒருவரும் லீவு போடவில்லை, டீக்குக் குறைவில்லை, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது மாதிரித் தேர்வு வைத்தேன். சிவப்புப் பேனா போய்க் கறுப்புப் பேனா வந்திருந்தது. மார்க் மட்டும் அப்படியே இருந்தது.

எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தபோது மணிமேகலை டீச்சர்தான் எரிச்சலாகச் சொன்னார்.

“சார், ஒண்ணு கவனிச்சீங்களா? ஆரோக்கியசாமி சார் நடத்துன கணக்குல முழு மார்க்கு யாரு? ஆரோக்கியசாமி சாரு. நான் நடத்துன தமிழ்ல முழு மார்க்கு யாரு? நானு. இதுக்கு நாங்க அவங்கவங்க வூட்லயே சுவரப் பாத்து நடத்திட்டு இருந்திருக்கலாம். டீ செலவாவது மிஞ்சியிருக்கும்.”

கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருடம் பயிற்சி கொடுத்திருப்பேன்! வகுப்பெடுக்க வந்த கருத்தாளர் நன்றாகப் பேசினார் என்று கைதட்டி அனுப்பிய எத்தனை பயிற்சிகளில் கடைசியில் கற்றுக்கொண்டது அந்தக் கருத்தாளர் மட்டும்தானோ என்று அப்போதுதான் தோன்றியது.

ஆனால் அதிலேயே வழியும் இருந்தது. நடத்துகிறவருக்குத்தான் வருகிறது என்றால், வராதவரையே நடத்த விட்டால் என்ன? எழுந்து நின்று சொன்னேன்.

“அடுத்த வாரத்துலேர்ந்து அவங்கவங்களுக்கு எது சுத்தமா வரலியோ அத அவங்கதான் நடத்தணும். ஆரோக்கியசாமி சாருக்கு மனவியல். மணிமேகலை டீச்சருக்குப் பின்னம்.”

சிரிப்பு அதோடு நின்றது.

4. கோபித்துக்கொண்டு போனவர்

மணிமேகலை டீச்சர் எழுந்துவிட்டார். “நாலு பேரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தணும்னே இதப் பண்றீங்களா சார்?”

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டம்மா சொல்வார். அது அன்றைக்கும் வேலை செய்தது. “நம்ம நாலு பேரு முன்னாடி வராதது, நாளைக்குப் பரீட்சை ஹால்ல மட்டும் வந்துடுமா டீச்சர்?”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் வராமலே போய்விட்டால், படிப்பையே விட்டுவிட்டால், அந்த வேலை போவதற்கு நானும் ஒரு காரணம் ஆகிவிடுவேனே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். அவர் இல்லை. சரி என்று ஆரோக்கியசாமி சாரை ஆரம்பிக்கச் சொன்னேன். ‘அன்பான வகுப்பறைச் சூழல்’ என்று பலகையில் எழுதினார். கணக்கு நடத்தும்போது இருந்த மிடுக்கு ஒன்றும் இல்லை.

“குழந்தைங்கள... வந்து... பயமுறுத்தாம... அவங்க சொல்றத...”

பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அவ்வளவுதான். மர ஸ்கேலை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு அடி. “ஏய், சைலன்ஸ்! குழந்தைங்கள மிரட்டக் கூடாதுன்னு சொல்லிட்டிருக்கேன், காதுல வுழுவல?”

சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆரோக்கியசாமி சார் ஸ்கேலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மணிமேகலை டீச்சர் உள்ளே வந்தார். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் வயர் கூடை நிறைய டம்ளர்.

அவராகவே பக்கத்தில் வந்து சொன்னார்.

“வரக் கூடாதுன்னுதான் சார் இருந்தேன். ஒரு வாரமா என் கிளாஸ நானே பாத்துட்டு இருந்தேன். வாசிக்கத் தெரியாத புள்ளையத்தான் டெய்லி மொதல்ல எழுப்பி வாசிக்கச் சொல்றேன். எல்லாரும் பாக்குறாங்கன்னு அதுக்கும்தான் கூச்சமா இருக்கும். ஆனா எந்திரிச்சு நிக்குதுங்க சார். அதுங்களுக்கு இருக்குற தைரியம் எனக்கு இல்லன்னா நான் என்ன டீச்சரு?”

“வாளில என்ன டீச்சர்?” என்று மட்டும் கேட்டேன்.

“மோரு சார். பின்னம்.”

5. முக்கால் லிட்டர் மோர்

நான் பார்த்த வகுப்புகளிலேயே எனக்கு மறக்காத வகுப்பு அது. பெரியவர்களுக்கு எப்படி நடத்துவது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் எங்களையும் ஒன்றாம் வகுப்பாகவே நடத்தினார். எல்லோரையும் எழுந்து வட்டமாக நிற்க வைத்தார். போனை எடுத்தவரிடம் கையை நீட்டி, “டீச்சர்கிட்ட குடுங்க” என்று வாங்கிக் கூடையில் போட்டார். ஐம்பது வயது ஆள், மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டார்.

“இது கால் லிட்டர் டம்ளர். இந்தச் சொம்பு நெறைய முக்கால் லிட்டர் மோர் இருக்கு. எத்தன டம்ளர் வரும்?”

ஊற்றினார். மூன்று.

“அவ்வளவுதான். முக்காலக் காலால வகுத்தா மூணு. முக்காலுக்குள்ள எத்தன கால் இருக்குன்னுதான் கேக்குறாங்க.” சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கையில் டம்ளர். “அட, வகுத்தா எண்ணு கொறையணுமேன்னுதானே நான் இத்தன வருசமா பயந்துட்டு இருந்தேன்! பெருசாவுதேன்னு! இது பெருசாவல சார், எண்ணுறோம்!”

அது எங்களுக்குச் சொன்னது அல்ல. அவர் தனக்கே சொல்லிக்கொண்டது.

ஆரோக்கியசாமி சாருக்குக் குறும்பு. ஸ்கேல் விஷயத்தில் தன்னைப் பார்த்துச் சிரித்ததற்குப் பதிலடியாகவும் இருக்கலாம். “டீச்சர், எனக்கு ஒரு டவுட்டு. அரைய முக்காலால வகுங்க பாப்போம். அரைக்குள்ள முக்கால் எப்படி இருக்கும்?”

டீச்சர் முகம் மாறிவிட்டது. நான் குறுக்கே போய் உதவலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்து, வேண்டாம் என்று நின்றேன். அவர் சொம்பைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மூன்று டம்ளரில் இரண்டை மட்டும் எடுத்து, காலியான சொம்பில் திரும்ப ஊற்றினார்.

“அரை லிட்டர்னா ரெண்டு டம்ளர். இந்தச் சொம்பு நெறைய மூணு டம்ளர் வேணும். அப்ப முழுசா நெறையல. மூணுக்கு ரெண்டுதான் நெறைஞ்சிருக்கு.” நிமிர்ந்து பார்த்தார். “மூணுல ரெண்டு பங்கு. சரியா சார்?”

ஆரோக்கியசாமி சார் பலகைக்குப் போய், பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுப் பெருக்கிப் பார்த்தார். மூன்றில் இரண்டு. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

“தலைகீழாப் போட்டுப் பெருக்கு, தலைகீழாப் போட்டுப் பெருக்குன்னு எத்தன வருசமா கத்திட்டு இருக்கேன். ஏன் சார்னு ஒரு பய கேட்டதில்ல. என் கொரலுக்குப் பயந்துட்டுக் கேக்கல போலருக்கு. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.” பிறகு டம்ளரை எடுத்து, “டீச்சர், இந்தக் கால குடிக்கலாமா?” என்றார்.

அன்றோடு எங்கள் கொட்டகையில் நோட்டுத் திருத்துவது நின்றுவிட்டது. தெரியாதவர் நடத்தும்போது கேட்கிறவர் சும்மா இருக்க முடியாது. அவர் எங்கே தடுக்கி விழுவாரோ என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்தில் எங்களுக்கும் பாடம் புரிந்துவிட்டது. சுவாரசியமான சண்டைகள் நடந்தன. விலங்குகள் பாடத்தை ஒருவர் தப்பாக நடத்த, வௌவால் பறவையா இல்லையா என்று டீ ஆறிப்போகும் வரை வாதாடினோம். அதற்குப் பிறகு ஒருவர்கூட அந்தக் கேள்வியில் தப்புச் செய்யவில்லை.

6. பரீட்சையும் அதற்குப் பிறகும்

வேலையில் இருப்பவர்களுக்கென்று தேர்வு வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பெரம்பலூரில் சென்டர். எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் எழுதப் போவதில்லை, ஆனாலும் எனக்கும் காலையில் இட்லி இறங்கவில்லை. மணிமேகலை டீச்சர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழியில் தெரிகிற கல் குவாரியைக்கூடப் பார்க்காமல் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். கேட்டுக்குள் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பள்ளியில் முதல் நாள் விட்டுவிட்டு வந்த பிள்ளை அப்படித்தான் பார்க்கும்.

வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “பின்னத்துல ஒரே ஒரு கேள்விதான் சார். அவ்வளவு மோர் ஊத்துனதுக்கு ரெண்டு கேள்வியாவது கேட்டிருக்கலாம்.”

ஆரோக்கியசாமி சார் சிவந்த முகத்தோடு வந்தார். ஹால் சூபர்வைசர் சின்னப் பெண்ணாம். விடைத்தாளைக் கொடுக்கும் முறை சரியில்லை என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ரிசல்ட் வந்த அன்று மதியம் மணிமேகலை டீச்சர் போன் செய்தார். நான் “ஹலோ” என்பதற்குள், “பாஸு சார்” என்றார். விளிம்பில் தப்பிய பாஸ்தான், ஆனால் பாஸ். பின்னால் அவர் வீட்டில் யாரோ கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டது; கணவராக இருக்க வேண்டும். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“சார், நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பரீட்சையால நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். இத்தன வருசம் வேல பாத்தவள இப்படி நிக்க வச்சுட்டாங்களேன்னு இப்பவும் ஆத்தாமையாத்தான் இருக்கு. ஆனா இது வரலன்னா, கணக்குன்னாலே பயந்து பயந்து, அந்தப் பயத்தோடவே ரிட்டயர் ஆயிருப்பேன். எங்க ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். அடுத்த வருசம் நாலாப்புக் கணக்கு எனக்கு.”

“அப்போ டெட்டு நல்லதுங்கிறீங்களா?”

“ஐயோ, நான் அப்படிச் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. சங்கத்துல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க.”

அவர் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆரோக்கியசாமி சார் தேறவில்லை. கணக்கில் நிறைய மார்க். மனவியலில் மோசம். விசாரித்தால், சரியான விடை அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. “அதப் படிச்சதும் கோவம் வந்துடுச்சு சார். அறுவது புள்ளைங்கள ஒத்த ஆளா வச்சு மேய்க்கிறவன் இதெல்லாம் பண்ண முடியுமான்னு, வேணும்னே வேறத கறுப்பாக்கிட்டேன்” என்றார். கேள்வித்தாளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த தேர்வுக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது. ஆனால் மனிதர் உடைந்து போய்விட்டார். சங்கக் கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை. அவரை வற்புறுத்தி அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்கு வரவழைத்தேன்.

தேறியவர்கள் யாரும் வர வேண்டிய அவசியம் இல்லை. தேறாத மூன்று நான்கு பேர், நான், ஆரோக்கியசாமி சார், அவ்வளவுதான் இருப்போம் என்று நினைத்துப் போனேன். முன்வரிசையில் மணிமேகலை டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே டீச்சர். எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?”

“அவரு நடத்தணும்னா கேக்குறதுக்கு ஆள் வேணும்ல சார்.”

பயிற்சி கொடுக்கிற வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். சான்றிதழ் வேண்டும், தேர்வு வேண்டும், அதைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். உங்கள் வேலை பேசுவது அல்ல. தெரியாதவர் வெட்கப்படாமல் எழுந்து நிற்பதற்கு ஓர் இடமும், அவர் முடிக்கும் வரை போனை எடுக்காமல் கேட்பதற்கு நாலு பேரும் ஏற்பாடு செய்து கொடுங்கள். மீதியை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஆரோக்கியசாமி சார் பலகைக்கு முன்னால் போய் நின்றார். பிறகு அவர் குரல் என்று நம்பவே முடியாத ஒரு சின்னக் குரலில், “குழந்தை ஏன் தப்புப் பண்ணுது...” என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடத்துக்குள் தடுமாறி, பாதியில் நின்றுவிட்டார். சாக்பீஸை வைத்துவிட்டு உட்காரப் போகிறவர் போலத் தெரிந்தது.

மணிமேகலை டீச்சர் கையைத் தூக்கினார். “சார், எனக்குப் புரியல. மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

மனவியலில் எங்கள் கூட்டத்திலேயே அதிக மார்க் வாங்கியிருந்தவர் அவர்தான்.